முதுகில் எழுதிய பெயர்

எட்டுக் கால்கள், ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே குறைந்த நீளம், கறுப்புப் பிளாஸ்டிக் உடம்பு. ஒரு முனையில் அரைவட்டப் பள்ளம் இருக்கும். அதை மேல்பக்கமாக வைத்துப் பார்த்தால் இடதுபுறம் முதலில் நிற்பது ஒன்றாம் கால். முதுகில் நிறுவனத்தின் முத்திரை, தயாரித்த காலத்துக்கான குறி, பிறகு பெயர்: என்இ5532. உள்ளே இரண்டு ஆப்-ஆம்ப்கள், அதாவது சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்கள். மைக்கிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைக் கெடுக்காமல் பெரிதாக்குவது, பல சிக்னல்களைக் கலப்பது, பேஸையும் ட்ரெபிளையும் கூட்டிக் குறைப்பது என ஒலிக்கருவிகளுக்குள் நடக்கும் நுணுக்கமான வேலைகள் இந்த வகை ஐசிகளின் பொறுப்பு.

இது எங்கே பிறந்தது, எந்தெந்தக் கைகளைக் கடந்து சென்னை ரிச்சி தெருக் கடையின் பிளாஸ்டிக் டப்பாவுக்கு வந்து சேர்ந்தது என்று தேடிப்போனால் நீண்ட கதை கிடைக்கிறது. அந்தக் கதையின் நடுவே ஓரிடத்தில் முதுகில் எழுதிய பெயருக்கும் உள்ளே இருக்கும் சிலிக்கனுக்கும் உள்ள உறவு அறுந்துபோகிறது. அந்த இடம் தெரியாததால், ஆம்ப் கட்டுகிறவர்கள் பலர் நல்ல ஐசியைக் குற்றம் சொல்லித் தூக்கி எறிகிறார்கள். போலியைப் புகழ்ந்து கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

பிறந்த ஊர் கலிபோர்னியாவின் சன்னிவேல். நிறுவனம் சிக்னெடிக்ஸ். ஃபேர்சைல்ட் என்ற ஐசி நிறுவனத்தை விட்டு வெளியேறிய சிலர் 1961ல் தொடங்கியது. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவர்கள் எல்லோரும் ஒருநாள் கையில் எடுக்கும் 555 டைமர் ஐசியும் இந்த வீட்டுப் பிள்ளைதான். 1975ல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் சிக்னெடிக்ஸை வாங்கிக்கொண்டது. பெயரின் முன்னால் நிற்கும் 'என்இ' அந்த நிறுவனத்தின் வழக்கம்: சாதாரண வெப்பநிலையில் வேலை செய்யும் ரகத்துக்கு என்இ, ராணுவத் தேவைக்கான அகன்ற வெப்பநிலை தாங்கும் ரகத்துக்கு எஸ்இ. சிக்னெடிக்ஸ் என்ற பெயரே பின்னர் மறைந்துவிட்டது. ஆனால் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இன்று தயாரிக்கும் ஐசியின் முதுகிலும் அந்த இரண்டெழுத்து முன்னால் நிற்கிறது.

1970களில் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஐசி என்றாலே முகம் சுளித்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. அப்போது எங்கும் கிடைத்த ஆப்-ஆம்ப் 741. 1968ல் ஃபேர்சைல்டில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்த இந்த ஐசி பொதுவேலைக்கு அருமையானது. யார் கையிலும் அடங்கி வேலை செய்யும். ஆனால் அதன் வெளியீடு ஒரு மைக்ரோ விநாடிக்கு அரை வோல்ட்தான் ஏறி இறங்கும். 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அது நேர்மையாகக் கொடுக்க வேண்டுமானால் உச்சம் 4 வோல்ட்டோடு நின்றுவிட வேண்டும். அதற்குமேல் கேட்டால் வளைந்து வரவேண்டிய அலை நேர்கோடாகி முக்கோணமாக வெளியே வரும். இரைச்சலும் அதிகம். அதனால் மிக்சர் கட்டியவர்கள் தனித்தனி டிரான்சிஸ்டர்களை வைத்தே வேலையை முடித்துக்கொண்டார்கள்.

அந்த நிலையை மாற்றியவை 1970களின் பிற்பகுதியில் வந்த 5534ம் 5532ம். முதலாவதில் ஓர் ஆப்-ஆம்ப், இரண்டாவதில் இரண்டு. 5532ன் விவரத்தாளைப் புரட்டினால் நான்கு எண்கள் கண்ணில் படும். இரைச்சல், 1 கிலோஹெர்ட்ஸில் ஒரு ரூட்-ஹெர்ட்ஸுக்கு 5 நானோவோல்ட். பேண்ட்விட்த் 10 மெகாஹெர்ட்ஸ். ஏறி இறங்கும் வேகம், அதாவது ஸ்லூ ரேட், மைக்ரோ விநாடிக்கு 9 வோல்ட். நான்காவது எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. என் பார்வையில் இந்த ஐசியின் உண்மையான பெருமை அதில்தான் இருக்கிறது. பிளஸ்-மைனஸ் 15 வோல்ட் சப்ளையில், 600 ஓம் சுமையை இழுத்துக்கொண்டே 26 வோல்ட் உச்சத்துக்கு உச்சம் கொடுக்கும்.

இது ஏன் முக்கியம்? ரெசிஸ்டர் எதுவாக இருந்தாலும் அதற்கென்று வெப்ப இரைச்சல் உண்டு. 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒரு ரூட்-ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 13 நானோவோல்ட் இரைச்சலைத் தானே உண்டாக்கும். 1 கிலோ ஓம் என்றால் 4 நானோவோல்ட். ஐசி எவ்வளவு அமைதியானதாக இருந்தாலும் அதைச் சுற்றிப் பெரிய ரெசிஸ்டர்களைப் போட்டால் அந்த அமைதி வீண். சிறிய ரெசிஸ்டர்களைப் போடலாம் என்றால் அவற்றை ஓட்டக் கூடுதல் கரண்ட் வேண்டும். சாதாரண ஐசி திணறும். 5532 திணறாது. ஆகவே சர்க்யூட் முழுவதையும் சின்ன ரெசிஸ்டர்களில் கட்ட முடிந்தது, மொத்த இரைச்சலும் இறங்கியது. 1980களிலிருந்து பெரிய மிக்சிங் கன்சோல்களில் இந்த இரட்டையர் குடியேறினார்கள். சிடி பிளேயர்களின் வெளியீட்டிலும் இவர்களே. ஒரு பாட்டு மைக்கிலிருந்து கிளம்பி, மிக்சரில் கலந்து, மாஸ்டராகி, நம் வீட்டு ஸ்பீக்கர் வரை வருவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக டஜன் கணக்கில் இவற்றைக் கடந்து வந்திருக்கும். இங்கிலாந்தின் ஒலிப்பொறியாளர் டக்ளஸ் செல்ஃப் 2010ல் எலெக்டர் இதழில் 5532களை வரிசையாகச் சேர்த்து, ஸ்பீக்கரையே நேராக ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் கட்டிக் காட்டினார். அந்த ஐசியின் தோள்வலிமை மீது அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒரே ஐசியைப் பல நிறுவனங்கள் தயாரித்தன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்தது. ஜப்பானின் ஜேஆர்சி என்ஜேஎம்5532 என்று தன் பெயரில் செய்தது. பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துக்கும் பொருள் உண்டு. 5532ஏ என்றால் இரைச்சலுக்கு உச்ச வரம்பு கொடுத்து அதற்குள் இருப்பதை உறுதிசெய்த ரகம். 'ஏ' இல்லாததில் சராசரி எண் மட்டும்தான் கொடுத்திருக்கும்.

தமிழ்நாட்டில் இதற்குத் தனி வாழ்க்கை உண்டு. ஊருக்கு ஊர் ஆம்ப் அசெம்பிள் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், ஒரு பவர் போர்டு, முன்னால் ஒரு பேஸ்-ட்ரெபிள் போர்டு, சப்வூஃபருக்குத் தனி ஃபில்டர் போர்டு என்று சேர்த்துக் கட்டி, உள்ளூர்த் திருமணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வீட்டு ஹாலுக்கும் சத்தம் கொடுப்பவர்கள். அந்த முன் போர்டுகளில் காலங்காலமாக இருப்பது 4558. இரண்டு ஆப்-ஆம்ப், எட்டுக் கால், விலை மிகக் குறைவு. 4558ஐக் கழற்றிவிட்டு அதே ஐசி பேஸில் 5532ஐச் செருகினால் 'கிளியர்' கூடும் என்பது தொழிலில் பரவலான நம்பிக்கை. செருகவும் முடியும், ஏனென்றால் இரண்டுக்கும் கால் வரிசை ஒன்றே. நான்காம் கால் மைனஸ் சப்ளை, எட்டாம் கால் பிளஸ், ஒன்றும் ஏழும் வெளியீடு. டிஎல்072, எல்எம்358 ஆகியவையும் இதே வரிசைதான்.

தொழிலுக்கு வசதியான இந்த ஒற்றுமைதான் மோசடிக்கும் கதவைத் திறந்துவிட்டது. எந்த இரட்டை ஆப்-ஆம்பின் முதுகில் எந்தப் பெயரை எழுதினாலும் அது பேஸில் உட்காரும், பாட்டும் கேட்கும். கடைக்காரரே கேட்பார்: "அண்ணா, 5532 ஒரிஜினல் வேணுமா, லோக்கல் போதுமா?" லோக்கல் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்கிறவர் நேர்மையானவர். ஒரிஜினல் விலைக்கு வாங்கியதும் லோக்கலாக இருப்பதில்தான் வருத்தம். பெரும்பாலும் அந்தக் கடைக்காரருக்கும் அது தெரியாது. அவரும் முதுகில் எழுதியிருந்ததை நம்பி வாங்கியவர்தான்.

அந்தப் பெயர் எங்கே மாறுகிறது?

தென்சீனாவில் குவாங்டாங் மாகாணத்தின் ஷான்டோ நகரத்தை ஒட்டி குய்யூ என்று ஓர் ஊர். உலகத்தின் பழைய கம்ப்யூட்டர்களும் டிவிக்களும் பல ஆண்டுகள் அங்கே வந்து குவிந்தன. 2002ல் பேசல் ஆக்‌ஷன் நெட்வொர்க் என்ற அமைப்பு வெளியிட்ட அறிக்கை அந்த ஊரை உலகத்துக்குக் காட்டியது. கரியடுப்பின் மேல் போர்டைப் பிடித்து, ஈயம் உருகியதும் தட்டினால் ஐசிகள் உதிரும். அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டே பெண்களும் ஆண்களும் அவற்றைப் பொறுக்கினார்கள். உதிர்ந்ததை எண் வாரியாகப் பிரித்து, கழுவி, கால்களை நிமிர்த்தி, புதிதாக ஈயம் பூசி, ஷென்சென் நகரத்தின் எலக்ட்ரானிக்ஸ் சந்தைக்கு அனுப்பினார்கள். ஈயமும் அமிலமும் கலந்த அந்த ஊர்த் தண்ணீரைப் பற்றியும், குழந்தைகளின் ரத்தத்தில் கூடிய ஈயத்தைப் பற்றியும் பின்னர் ஆய்வுகள் வந்தன. பிறகு அரசாங்கம் அந்தத் தொழிலை ஒரு தொழிற்பேட்டைக்குள் கொண்டுபோய் ஒழுங்குபடுத்தியது. நாம் மலிவாக வாங்கும் பழைய ஐசி ஒன்றின் விலையில் அந்தப் புகையும் சேர்ந்திருக்கிறது என்பதை ஆம்ப் கட்டுகிறவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்படிக் கழற்றியது அசல் 5532ஆகவே இருக்கலாம். கழற்றிய சரக்கு என்று சொல்லி விற்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுப்புச் சூடு, ஈரம், நிலைமின்சாரம் மூன்றையும் பட்டு வந்த ஐசி அது. எத்தனை நாள் ஓடும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது, அவ்வளவுதான். சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. முதுகை உப்புத்தாள் போன்ற ஒன்றால் தேய்த்துப் பழைய எழுத்தை அழிப்பார்கள். தேய்த்த தடம் தெரியாமலிருக்க மேலே கறுப்புப் பூச்சு. அதன்மேல் புதிய பெயர், புதிய தேதி. பழைய ஐசிக்குப் புதிய வயது கிடைக்கும். அல்லது மலிவான ஐசிக்கு விலையுயர்ந்த பெயர் கிடைக்கும். 5532 போன்ற சாதாரண விலை ஐசியில் இரண்டாவது வகைதான் அதிகம். இதற்குப் பழைய போர்டுகூடத் தேவையில்லை. எழுத்து எதுவும் இல்லாத புத்தம்புதிய 4558ஐ வாங்கி 5532 என்று அச்சடித்தால் போதும். ஒரு ஐசியில் கிடைக்கும் லாபம் சில ரூபாய்தான். லட்சக்கணக்கில் விற்கும்போது அது பெரிய தொகை.

இதைச் சில்லறை ஏமாற்று என்று ஒதுக்க முடியாது. அமெரிக்க செனட்டின் ராணுவ விவகாரக் குழு 2012 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில், 2009, 2010 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ராணுவத் தளவாடங்களுக்குள் போலி எனச் சந்தேகிக்கப்படும் பாகங்கள் நுழைந்த நிகழ்வுகள் சுமார் 1,800 என்று சொல்லியிருக்கிறார்கள். பாகங்களின் எண்ணிக்கை பத்து லட்சத்துக்கும் மேல். அந்த நிகழ்வுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை விநியோகச் சங்கிலி வழியே பின்னோக்கித் தொடர்ந்து போனபோது, 70 சதவீதத்துக்கு மேலான பாகங்களின் தடம் சீனாவில் போய் முடிந்தது. ராணுவத்துக்கே இந்தக் கதி என்றால் மதுரையிலோ ஈரோட்டிலோ பத்து ஐசி வாங்குகிற மெக்கானிக் எந்த மூலை?

சோதனைக்கு வருவோம். முதல் சோதனை கண். நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடியில் முதுகையும் பக்கவாட்டையும் ஒப்பிட வேண்டும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்குக்கு இரண்டு இடத்திலும் ஒரே சொரசொரப்பு இருக்கும். பூச்சு பூசியதில் முதுகு மட்டும் வேறு மாதிரி மினுங்கும். ஒன்றாம் காலருகே உள்ள வட்டக் குழி பூச்சு நிரம்பி மேடேறியிருக்கும். பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் மட்டமான பூச்சு கறுப்பாக வந்துவிடும். இப்போது வரும் பூச்சுகள் அசிட்டோனுக்கு அசைவதில்லை என்பதால், கறை வரவில்லை என்பதை வைத்து அசல் என்று முடிவுகட்டக் கூடாது. நேராக அச்சடித்த புது 4558ல் பூச்சே இருக்காது. கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது.

கண்ணால் முடியாததை மல்டிமீட்டர் செய்யும். 5532ன் உள்ளே, இரண்டாம் காலுக்கும் மூன்றாம் காலுக்கும் நடுவே எதிரெதிர் திசையில் இரண்டு டயோடுகள் இருக்கின்றன. உள்ளீட்டு டிரான்சிஸ்டர்களைக் காப்பாற்ற வைத்தவை. மீட்டரை டயோடு மோடில் வைத்து அந்த இரு கால்களையும் தொட்டால் 0.6, 0.7 வோல்ட் அளவில் காட்டும். புரோபை மாற்றித் தொட்டாலும் அதே அளவு காட்டும். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவிலும் அப்படியே. 4558லோ எல்எம்358லோ டிஎல்072லோ இந்த டயோடுகள் கிடையாது. மீட்டர் திறந்த சர்க்யூட் என்று சொல்லும். சப்ளை கூடக் கொடுக்காமல், கையில் வைத்தபடியே போலிகளில் பெரும்பகுதியை இங்கேயே கழித்துவிடலாம்.

அடுத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. எந்த ஆப்-ஆம்பின் உள்ளீட்டிலும் மிகச் சிறிய கரண்ட் ஒன்று ஓடும். பயாஸ் கரண்ட் என்பார்கள். 5532ன் உள்ளீட்டில் இருப்பவை என்பிஎன் டிரான்சிஸ்டர்கள். அதனால் அந்தக் கரண்ட் வெளியிலிருந்து ஐசிக்குள் போகும். சாதாரணமாக 200 நானோ ஆம்பியர், அதிகபட்சம் 800. ஐசிக்குச் சப்ளை கொடுத்து, ஒன்றாம் காலையும் இரண்டாம் காலையும் சேர்த்து, மூன்றாம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் அந்தக் கால் கிரவுண்டைவிட ஏறத்தாழ 20 மில்லிவோல்ட் கீழே இறங்கும். மைனஸ் 20. 4558ன் உள்ளீட்டில் பிஎன்பி டிரான்சிஸ்டர்கள்; கரண்ட் ஐசியிலிருந்து வெளியே வரும், அதே கால் பிளஸ் பக்கம் ஏறும். எல்எம்358ம் பிளஸ்தான். டிஎல்072ல் ஜேஃபெட் என்பதால் கரண்ட் இல்லை என்றே சொல்லலாம். அந்தக் கால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். முதுகில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், மைனஸைப் பிளஸாக்க முடியாது. உள்ளே எந்தச் சாதி டிரான்சிஸ்டர் இருக்கிறதோ அதன்படிதான் கரண்ட் ஓடும்.

ஸ்கோப்பும் சிக்னல் ஜெனரேட்டரும் உள்ளவர்களுக்கு வேகத்தைப் பார்ப்பது இன்னும் தெளிவானது. ஐசியை ஒன்றுக்கு ஒன்று ஃபாலோயராகக் கட்டி, 20 வோல்ட் உச்சத்துக்கு உச்சம் 20 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை கொடுக்க வேண்டும். அந்த அலை ஏறி இறங்க மைக்ரோ விநாடிக்குக் கிட்டத்தட்ட 1.26 வோல்ட் வேகம் தேவை. ஜேஆர்சி 4558ன் வேகம் 1 வோல்ட். திரையில் வளைவுகள் மறைந்து முக்கோணம் தெரியும். 5532ல் அலை கொடுத்தபடியே வரும். அதன் வேகத்தில் ஏழில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. எல்எம்358 என்றால் இன்னொரு அடையாளமும் கிடைக்கும்: அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு சிறு முறிவு.

சப்ளை கரண்டும் பேசும். 5532 இரண்டு ஆப்-ஆம்புக்கும் சேர்த்து 8 மில்லி ஆம்பியர் குடிக்கும். பிளஸ்-மைனஸ் 15 வோல்ட்டில் அது கால் வாட்டுக்குச் சற்றுக் குறைவு. சில நிமிடத்தில் தொட்டால் வெதுவெதுப்புத் தெரியும். ஜேஆர்சி 4558 அதில் பாதியைக்கூடத் தொடாது. ஐசி சூடாகிறது என்று பயந்து 5532ஐக் கழற்றிப் போடுகிறவர்கள் உண்டு. அந்த அளவு வெதுவெதுப்பு அதன் இயல்பு.

இரைச்சலை அளப்பதுதான் கடினம். 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 5532ன் இரைச்சல் மொத்தமே 0.7 மைக்ரோவோல்ட். உள்ளீட்டை 10 ஓம் ரெசிஸ்டர் வழியே கிரவுண்டில் கட்டி, நூறு மடங்கு பெருக்கினால் 70 மைக்ரோவோல்ட் கிடைக்கும். நல்ல சவுண்ட் கார்டு அதைப் பிடிக்கும். தகர டப்பாவுக்குள் மூடி, பேட்டரியில் ஓட்டினால்தான் வீட்டு மின்சாரத்தின் ஹம் கலக்காமல் இருக்கும். ஒப்பிடும்போது ஒரே ஐசி பேஸ், ஒரே சப்ளை, அதே ரெசிஸ்டர்கள். ஐசி மட்டும்தான் மாற வேண்டும்.

இத்தனை மெனக்கெடல் எதற்கு, காதால் கேட்டால் தெரியாதா என்று கேட்பார்கள். தெரியாது. தெரியாதது மட்டுமில்லை, காது தலைகீழான தீர்ப்பைச் சொல்லும். 4558க்காக வடிவமைத்த மலிவு போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஐசியின் சப்ளைக் கால்களருகே 100 நானோஃபாரட் கப்பாசிட்டர் பெரும்பாலும் இருக்காது. 4558 மந்தமான ஐசி, அது இல்லாமலும் ஓடும். அங்கே அசல் 5532ஐச் செருகினால், காதுக்கு எட்டாத உயர் அலைவரிசையில் அது தானாக ஊசலாடத் தொடங்கலாம். ஐசி அளவுக்கு மீறிச் சூடாகும், சத்தம் கரகரக்கும். வால்யூம் பொட்டிலும் இதே கதை. சில போர்டுகளில் பொட்டின் நடுக்கால் கப்பாசிட்டர் இல்லாமல் நேராக ஐசிக்குப் போகும். 5532ன் பயாஸ் கரண்ட் அந்த நடுக்கால் வழியே ஓட, வால்யூம் திருப்பும்போதெல்லாம் 'கர் கர்' என்று கேட்கும். அதே போர்டில், 5532 என்று பெயர் எழுதிய 4558ஐப் போட்டால் சூடும் இல்லை, கரகரப்பும் இல்லை. மெக்கானிக் என்ன முடிவுக்கு வருவார்? அசலைக் காட்டி "இது டூப்ளிகேட்" என்பார், போலியைக் காட்டி "இதுதான் ஒரிஜினல் பீஸ்" என்பார். அவர் கேட்டதில் பொய் இல்லை. குறை போர்டில் இருந்தது. நான்காம் காலுக்கும் எட்டாம் காலுக்கும் நடுவே ஒரு 100 நானோஃபாரட், பொட்டின் நடுக்காலுக்கும் ஐசிக்கும் நடுவே ஒரு கப்பாசிட்டர், ஐசியின் உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர்: இந்த மூன்றும் போட்ட பிறகுதான் 5532 பற்றிப் பேச வேண்டும்.

இன்னொரு அநியாயத் தீர்ப்பும் நடக்கிறது. பழைய 5532ஐயும் புதியதையும் அளந்து எண்கள் சற்று மாறியிருந்தால் உடனே போலி என்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் பழைய தொழிற்சாலைகளை மூடி, பழைய ஐசிகளைப் புதிய பெரிய வேஃபர்களுக்கு மாற்றிக்கொண்டே வருகின்றன. மாற்றும்போது வாடிக்கையாளருக்கு முறைப்படி அறிவிப்பும் கொடுக்கின்றன. உள்ளே இருக்கும் சிலிக்கன் சில்லின் தோற்றமே மாறியிருக்கலாம், அதுவும் அசல்தான். சில சீனத் தொழிற்சாலைகள் தங்கள் சொந்த முத்திரையிலேயே 5532 செய்து விற்கின்றன. அதைப் போலி என்பது அபாண்டம். அவர்கள் யார் பெயரையும் திருடவில்லை. விவரத்தாளில் சொன்ன எண்கள் வருகின்றனவா என்று மட்டும் அளந்தால் போதும்.

கடைசி நீதிமன்றம் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. புகையும் நைட்ரிக் அமிலத்தில் பிளாஸ்டிக்கைக் கரைத்து, சில்லை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வடிவமைத்த நிறுவனத்தின் எழுத்தும் எண்ணும் அநேகமாகச் சில்லின் ஓரத்தில் பொறித்திருக்கும். ஒலிப்பிரியர்கள் பெரும் விலை கொடுத்துத் தேடும் பர்-பிரவுனின் ஓபிஏ627 என்ற பெயரில் இணையச் சந்தையில் மலிவாக வாங்கிய ஒன்றை, சில்லுகளைப் படமெடுக்கும் ஸெப்டோபார்ஸ் குழுவினர் இப்படித் திறந்தார்கள். உள்ளே இருந்தது அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடி744. லேசரால் துல்லியப்படுத்திய நல்ல ஐசி அது. தன் சொந்தப் பெயரில் விற்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த அமிலம் சுவாசத்தையும் தோலையும் எரிக்கும். வீட்டில் யாரும் இதைச் செய்துபார்க்கக் கூடாது.

வீட்டுக்கும் கடைக்கும் ஏற்றது ஒரு சிறு பெட்டி. இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகக் கட்டினால் நடுப்புள்ளி கிரவுண்ட். எட்டுக் கால் ஐசி பேஸ் ஒன்று. எட்டாம் காலுக்குப் பிளஸ், நான்காம் காலுக்கு மைனஸ், இரண்டுக்கும் நடுவே 100 நானோஃபாரட். ஒன்றையும் இரண்டையும் சேர்த்துவிட்டு, மூன்றாம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம். மறுபாதிக்கும் அதேபோல் ஏழையும் ஆறையும் சேர்த்து, ஐந்திலிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 100 கிலோ ஓம். மீட்டரின் கறுப்பு புரோபை கிரவுண்டிலும் சிவப்பை ஒன்றாம் காலிலும் வைக்க வேண்டும், பிறகு ஏழாம் காலில். ஐசி பேஸுக்கு வரும் முன்பே டயோடு சோதனையையும் முடித்துவிடலாம். யாருடைய தொழிற்சாலையில் பிறந்தது என்று இந்தப் பெட்டி சொல்லாது. உள்ளே இருப்பது என்ன ரகம் என்று சொல்லும். இரண்டு வெளியீட்டிலும் மைனஸ் 20ஐ ஒட்டி, அதிகம் போனால் மைனஸ் 80 மில்லிவோல்ட்டுக்குள் வந்தால் 5532க்குரிய நடத்தை. பிளஸில் வந்தால் அது 4558 போல வேறொன்று. 4558 விலைக்குத் தருவதானால் பேஸ்-ட்ரெபிள் போர்டுக்கு வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் காசு கொடுக்கும் முன்பே டப்பாவில் திருப்பிப் போட்டுவிடலாம்.